கசிந்த ஸ்டவ்வுக்கு நூல் சுற்றினேன்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் குமாரபாளையத்தில் தறி நெய்பவன். பத்து வருஷம் உழைக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் பம்பு ஸ்டவ்வை விற்றார். சமையலோடு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சியும் தினமும் அதிலேயே காய்ச்சினோம். எட்டாம் மாதமே பர்னருக்கு அடியில் மண்ணெண்ணெய் கசிந்தது. பழையதை மெருகேற்றித் தந்துவிட்டார் என்று நினைத்தேன். பழுது பார்க்கக் கொடுத்தால் உள்ளிருக்கும் நல்ல சாமானையும் மாற்றிவிடுவார்களோ என்று சந்தேகம். கழிவு நூலை எடுத்துக் கசிந்த இடத்தில் இறுகச் சுற்றினேன்.

“இது என்ன தறியில அறுந்த இழைங்களா, முடிஞ்சு உடறதுக்கு?” என்றாள் மனைவி.

மறுநாள் காலை அந்த நூலே பற்றிக்கொண்டது. இரண்டு முழம் தள்ளித் தறியில் பாவு பூட்டியிருந்தது. மனைவி ஈரச் சாக்கைப் போட்டு அணைத்திராவிட்டால் தறியோடு வீடும் போயிருக்கும்.

ஸ்டவ்வைக் கொண்டுபோய்க் காட்டியதும் பழுது பார்ப்பவர் சிரித்தார். “ஏனுங்க, நீங்களே திரி போட்டு வெச்சிருக்கீங்க. ஸ்டவ்வு புதுசுதானுங்க. நாளெல்லாம் எரிச்சா, எண்ணெ கசியாம அடைக்கிற வாசர் ஆறு மாசந்தானுங்க தாங்கும்.”

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தறி ஓடாத அமாவாசையன்று, வாசர் மாற்றி வருகிறேன். வேலை முடியும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கழற்றிய பழைய வாசரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.