விளக்கு மாவில் விழுந்த திருநீறு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து வரிசையில் நிற்காது. பெரிய ‘ற’ வரவேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ வந்திருக்கும். ஒற்று எங்கே போடுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தொடக்கப்பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஒரே மூச்சில் இத்தனை பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பொறுத்துப் படியுங்கள்.

சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் புகைப்பட ஃபிளாஷ் விளக்குக்கான கண்ணாடிக் குழாய்களைச் செய்கிறோம். கைபேசி வந்த பிறகு இதெல்லாம் யாருக்கு என்று கேட்பார்கள். ஸ்டூடியோக்களுக்கு, பாஸ்போர்ட் படம் எடுக்கும் இடங்களுக்கு, பள்ளியில் வகுப்புப் படம் எடுப்பவர்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. விரல் நீளக் குழாய். உள்ளே செனான் வாயு. இரண்டு நுனியிலும் டங்ஸ்டன் உலோகத்தில் ஒரு சின்ன முனை. அந்த முனையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைய இருக்கும். அதில் வெள்ளை மாவுக் கலவையை ஏற்றி உலையில் சுடுவோம். விளக்கு எரியும்போது மின்சாரம் அந்த மாவிலிருந்துதான் பாய்கிறது. மாவு சரியில்லை என்றால் குழாயின் ஓரம் சீக்கிரம் கறுத்துவிடும். ரொம்ப மோசமாக இருந்தால் குழாய் வெடிக்கும்.

அந்த மாவைக் கலப்பது என் வேலை. பீங்கான் உருண்டைகள் போட்ட ஜாடியில் அரைத்து, சல்லடையில் ஒரு முறை சலித்து, முனைகளை நனைத்துக் காயவைப்பேன். தனி அறை. பேச ஆள் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது பொருத்தமான இடம். பதினெட்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த அறையின் சட்டம் ஒன்றுதான். உடம்பில் எதுவும் பூசிக்கொண்டு உள்ளே வரக்கூடாது. பவுடர், எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. விரல் ரேகை பட்டாலே சுடும்போது கண்ணாடியில் வெள்ளைத் தழும்பு விழும். எனக்கு அடுத்த அறையில் ஒரு மலாய் அம்மா வேலை செய்தார். கையில் வெடிப்பு என்று கிரீம் தடவிக்கொண்டு ஒரு நாள் குழாய்களைத் தொட்டுவிட்டார். தெரிந்ததும் சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்கும். சொல்லாமல் மறைத்தார். இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டு அனுப்பினார்கள். தப்புக்காக இல்லை, மறைத்ததற்காக என்று சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். அந்த அம்மா சாமான்களை எடுத்துக்கொண்டு போனபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் வீடிருக்கும் பொங்கோலிலிருந்து ரயில் ஏறி, சில நாள் வழியில் தேக்காவில் இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்குப் போவேன். பூசிய திருநீற்றை நிலையத்திலேயே ஈரத்தாளால் துடைத்துவிடுவேன். அது பல வருடப் பழக்கம்.

அன்று துடைக்க மறந்துவிட்டேன். என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்து, முடிவு அன்றுதான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். கோயிலில் இரண்டு விரல் நிறைய அள்ளிப் பூசினேன். பிறகு எப்படி ரயில் ஏறினேன், எப்படி உடை மாற்றினேன் என்று தெரியவில்லை. தொப்பிக்குள் அரித்தது. கையுறையோடு தொப்பியை மேலே தள்ளினேன். ஏதோ சாம்பல் நிறத்தில் என் கண்ணுக்கு முன்னால் இறங்கி ஜாடிக்குள் போனது. கடுகளவுகூட இருக்காது. எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் பட்டை அப்படியே இருந்தது.

ஜாடியை ஓரம் வைத்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அதுதான் விதி. என் கால் நகரவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த மாவைக் கலப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. மனைவிக்கு வைத்தியம் என்று வந்துவிட்டால் என்ன செய்வேன்? இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

முதலில் நெற்றியைத் துடைத்தேன். பிறகு கலவையைச் சலித்தேன். வெள்ளையில் விழுந்த சாம்பலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றும் தெரியவில்லை. சின்ன விளக்குகளுக்காக வைத்திருந்த நுண்சல்லடையை எடுத்து மறுபடி சலித்தேன். சல்லடையில் தங்கியதை எறிந்துவிட்டு மீதியைத் திரும்ப ஜாடியில் போட்டு அரைத்தேன். மறுபடி சலித்தேன். இப்படி நுண்சல்லடையில் மட்டும் நான்கு முறை. அரைக்கும் சத்தம் இவ்வளவு நேரம் கேட்கிறதே என்று யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவுத் தாளில் எப்போதும் போலக் கட்டங்களில் குறி போட்டேன். சலித்தது ஒரு முறை என்று.

மதியம் மனைவி போன் செய்தாள். கட்டி சாதாரணக் கட்டிதானாம், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அதைக் கேட்டு அழக்கூட முடியவில்லை. அந்தப் பயம் போன இடத்தில் இந்தப் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

குழாய்கள் செய்து முடிந்தன. பாதியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு பாதியை வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு நடந்து வந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவு வழியே உள்ளே தெரிந்தது. ஒரு குடும்பம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக் குடை போட்ட விளக்குகள். குழந்தையின் முகத்திலிருந்து இரண்டு முழத் தூரம்தான் இருக்கும். அந்த விளக்குக்குள் இருப்பது எங்கள் குழாயாக இருந்தால்? அந்தப் பாதியில் ஒன்றாக இருந்தால்? படம் எடுப்பவர் கையைத் தூக்கினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெளிச்சம் இமைக்குள் வந்தது. பை கையிலிருந்து நழுவி, தக்காளி நடைபாதையில் உருண்டது.

“என்னங்க, கடன்காரன் யாரையாவது பாத்துட்டீங்களா?” என்றாள் மனைவி. வெயில் என்று சொன்னேன். குனிந்து தக்காளியைப் பொறுக்கும்போது உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆறாவது வாரம் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். அவர் முப்பது வயதுத் தமிழ்ப் பெண். கிளமெண்டி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கத்தோலிக்கர். நான் அவரை மிஸ் என்றும் அவர் என்னை அங்கிள் என்றும் கூப்பிடுவோம். அவர் மேசையில் என் பதிவுத் தாள் இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் சொன்னது வேறு. சோதனை மேசையில் குழாய்கள் நாள் முழுக்க மின்னிக்கொண்டே இருக்கும். வழக்கமான குழாய் ஓரம் கறுக்கும் காலத்துக்கு இரண்டு மடங்கு ஆன பிறகும் என் குழாய்கள் புதிது போல இருந்தனவாம். குறைந்த மின்னழுத்தத்திலேயே எரிந்தனவாம். இது பெரிய விஷயம், பேட்டன்ட் வாங்கலாம் என்றார்.

“இந்த பேட்ச்ல மட்டும் என்ன அங்கிள் வித்தியாசமா செஞ்சீங்க? கொஞ்சம் திங்க் பண்ணிச் சொல்லுங்க லா.”

“எப்பவும் செய்யறதுதான் மிஸ்.”

அந்த ஒரு வரியோடு எழுந்துகொண்டேன். வெளியே வந்தபோது சோதனை மேசைக்காரத் தம்பி, “கைராசிக்காரர் வர்றாரு. அண்ணே, அந்தக் கையால எனக்கு ஒரு ஃபோர்டி லாட்டரி நம்பர் எழுதிக் குடுங்க” என்று கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை அதே கலவையைச் செய்யச் சொன்னார்கள். எஞ்சினியர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார். பயத்தில் நான் ஒவ்வொன்றையும் சட்டப்படி செய்தேன். ஒரு முறை அரைத்து ஒரு முறை சலித்தேன். மூன்று தடவையும் சாதாரணக் குழாய்கள்தான் வந்தன. ஓரம் கறுத்தன. மேலாளர் சீனர், சத்தம் போடாத மனிதர். ஆனால் அவர் எஞ்சினியரிடம், நீ குழாய்களை மாற்றி எண்ணியிருப்பாய், இன்னும் ஒரு தடவைதான், அதற்கு மேல் இந்த வேலையை மூடிவிடு என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஆங்கிலம் பேச வராவிட்டாலும் கேட்டால் ஓரளவு புரியும். அந்தப் பெண் அன்று தனியாகச் சாப்பிட்டார். பாதியைக் குப்பையில் போட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். சாம்பலைச் சொல்லிவிடலாம், அதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் அவர் அறை வாசலில் நின்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். அன்று திருநீற்றைத் துடைக்காமல் வந்தேன், கொஞ்சம் கலவையில் விழுந்துவிட்டது, தெரியாமல் நடந்தது என்றேன். சலித்ததைச் சொல்லவில்லை. தெரியாமல் விழுந்தது ஒரு தப்பு. தெரிந்த பிறகு செய்தது வேறு.

அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் வருஷத்துல ஒரு நாள் நெத்தியில சாம்பல் உண்டு அங்கிள். நானும் அன்னிக்கு மறந்திருக்கலாம்” என்றார். அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். யாரிடமும் சொல்லாமல் சிறிய அளவில் கலந்து பத்துக் குழாய்கள் செய்தோம்.

ஒரே நாளில் பத்தும் கறுத்தன. இரண்டில் கீறல் விழுந்தது. ஒன்று சோதனை மேசையின் மூடிக்குள் வெடித்தது. அந்தச் சத்தத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சாம்பலில் இருக்கும் உப்பு கண்ணாடியைத் தின்கிறது என்று அவர் சொன்னார். அப்படியென்றால் அன்றைக்கு விழுந்ததால் நல்லது நடக்கவில்லை. கெடுதல்கூட நடக்காமல் தப்பியிருக்கிறது. எப்படி?

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். கடைசிச் சோதனைக்கு நான்கு நாள் இருந்தது.

“அங்கிள், சாம்பல் விழுந்ததைப் பாத்தீங்க. பாத்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?”

அந்த மலாய் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது கண்முன் வந்தது. மறைத்ததற்காக. வாய் திறந்தால் என் பதினெட்டு வருடம் போய்விடும். இந்தப் பெண்ணுக்கு இதை மேலே சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லியே ஆகவேண்டும், அதுதான் அவர் வேலை. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வார்த்தை தொண்டை வரை வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“மறைச்சேன் மிஸ்” என்றேன். “சலிச்சுச் சலிச்சு மறைச்சேன். சின்ன ஓட்டைச் சல்லடையில நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் திருப்பி அரைச்சேன். தாள்ல பொய் எழுதினேன்.”

அவர் கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, “நாலு தடவையா?” என்று மெதுவாகக் கேட்டார். எவ்வளவு நேரம் அரைத்தேன், எந்தச் சல்லடை, சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுதும் வேகத்தைப் பார்த்தபோதுதான் நான் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

கடைசிச் சோதனையில் அப்படியே செய்தோம், சாம்பல் இல்லாமல். மாவு மிக நுண்ணியதாகி டங்ஸ்டனின் ஓட்டைகளுக்குள் சீராக இறங்கிவிடுகிறதாம். அன்று விழுந்த சாம்பல் சல்லடையிலேயே தங்கிப் போயிருக்குமாம். குழாய்கள் கறுக்கவில்லை. மறுபடியும் செய்தோம். அப்போதும் கறுக்கவில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எஞ்சினியர் மொழிபெயர்க்க உடன் வந்தார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று மேலாளர் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். வெளியே போன குழாயால் யாருக்காவது அடிபட்டிருந்தால் என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் அதை நினைத்தேன் என்று மட்டும் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஒரு குழாய்கூடத் திரும்பி வரவில்லை என்று எஞ்சினியர் அவரிடம் காட்டினார். நானாக வந்து சொன்னதையும் சொன்னார். மேலாளர் கடைசி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை இருந்தது. கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

போன வாரம் பேட்டன்ட்டுக்கான தாள் வந்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் எஞ்சினியர் பெயரும் என் பெயரும் இருந்தன. ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். கையெழுத்துப் போடப் பயந்தேன். அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். கலவையை நுண்சல்லடையில் நான்கு முறை சலித்து, ஒவ்வொரு முறையும் திரும்ப அரைக்க வேண்டும் என்று இருந்தது.

“ஏன் சலிச்சேன்னு அதுல இல்லையா மிஸ்?” என்று கேட்டேன்.

“அது இதுக்கு வேணாம் அங்கிள். எப்படின்னு இருந்தா போதும்” என்றார்.

கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை உறுத்தியது. அந்தத் தாளைப் படிப்பவர்கள் நான் யோசித்துச் செய்தேன் என்று நினைப்பார்கள். நான் யோசிக்கவில்லை. பயந்தேன். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லாததால் இங்கே எழுதினேன். இன்று மாலை மனைவியிடம் இதைப் படிக்கக் கொடுப்பேன். அவளுக்கும் இதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, 9 மார்ச் 2025.