‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்?

1. நிறுத்திய அன்று

“ஹாஜிரா, உங்க ஸ்டூடண்ட் என் ஸ்டடியை நிறுத்திட்டாங்க. தெரியுமா?”

காலையில் ஆபீஸ் கதவைத் திறந்தவுடன் கணேசன் சாரின் குரல்தான் என்னை வரவேற்றது. அவர் எங்கள் நியூ ஜெர்சி பல்கலைக்கழகத்தில் குழந்தை நலப் பேராசிரியர். நான் அங்கே எத்திக்ஸ் ஆபீஸில் ட்ரெய்னிங் பொறுப்பில் இருந்தேன். ஆராய்ச்சி என்ற பெயரில் யாருக்கும் கெடுதல் நடந்துவிடாமல் பார்ப்பது எங்கள் வேலை. அதனால் எங்களைப் பேராசிரியர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

அவர் ‘ஸ்டூடண்ட்’ என்றது டாக்டர் நீமாவை. தான்சானியாவில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். அங்கேயே ஒரு எத்திக்ஸ் கமிட்டி நடத்தவும், மற்றவர்களைப் பழக்கவும் அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். கமிட்டி அமைந்து முதல் வருடம் கூட முடியவில்லை. அதற்குள் கை வைத்தது கணேசன் சாரின் ஆய்வில்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தம் எடுக்கும் ஆய்வு அது; நடந்தது தான்சானியாவில். நீமா ஒருநாள் கிளினிக்கில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். “சேருகிறீர்களா?” என்று கேட்டால் பல தாய்மார்கள் “டுட்டாவோனா” என்றார்களாம். சுவாஹிலியில் ‘பார்க்கலாம்’ என்று அர்த்தம். களப் பணியாளர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊசியால் குத்திவிட்டார்கள்.

“பாக்கலாம்னா ஓகேன்னுதானே அர்த்தம்? வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பாங்க. நாளைக்கு வீடியோ கால்ல பேசி முடிச்சிடுங்க. இல்லன்னா அந்த கமிட்டியைக் கலைக்கச் சொல்லி மேலே எழுதிடுவேன். அப்ரூவல் எல்லாம் இங்கயே பாத்துக்கலாம்.”

கமிட்டி கலைந்தால் நீமாவின் உழைப்பு போய்விடும். அதைவிட, ‘அமெரிக்காக்காரர்களுக்குப் பிடித்தால்தான் நமக்கு அதிகாரம்’ என்ற பாடத்தைத்தான் நாங்கள் அங்கே கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

2. வீடியோ கால்

மறுநாள் காலை எங்களுக்கு, நீமாவுக்கு மாலை. திரையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கணேசன் சார் ஆங்கிலத்தில் குழைந்து பேசினார். இந்த வாய்ப்பு வேறு நாட்டுக்குப் போய்விடலாம் என்று கோடி காட்டினார். கடைசியில், “வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி ஆரம்பிக்க அனுமதி கொடுத்துவிடலாம்தானே?” என்றார்.

நீமா கொஞ்சம் யோசித்தார். “பார்க்கலாம், புரொபசர்.”

“கிரேட்! அப்ப வெள்ளிக்கிழமை!” என்று கணேசன் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணெதிரே அதே கூத்து மறுபடி நடக்கிறது! ‘சார், அது இல்லை என்ற பதில்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நீமாவின் பதிலை நானே சொன்னால், அவருக்கு எதற்கு ஒரு கமிட்டி? கேள்வியை மட்டும் கேட்டேன்.

“நீமா, உங்கள் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்?”

“மரியாதைக்குரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தயங்குவோம். அப்போது இப்படிச் சொல்வோம்” என்றார். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தார். “முடியாது, புரொபசர். அந்தத் தாய்மார்கள் சொன்னதும் இதைத்தான்.”

கணேசன் சார் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“என்ன ஹாஜிரா, இப்படி மாட்டி விட்டுட்டீங்க?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “சார், போன சனிக்கிழமை பிளெய்ன்ஸ்பரோல நம்ம தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேச வாங்கன்னு சுமதி ஆன்ட்டி கூப்பிட்டாங்க. பாக்கலாம்னீங்க. வருவீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆன்ட்டி உங்க பேரை அழைப்பிதழ்ல போடல சார். அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.”

வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் திரையின் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கைத் திறந்து, “டாக்டர் நீமா, நான் என்ன செய்யணும்னு உங்க கமிட்டி சொல்லட்டும்” என்றார் ஆங்கிலத்தில்.

கமிட்டி சொன்னது. ‘டுட்டாவோனா’ சொன்னவர்களின் குழந்தைகளிடம் எடுத்த ரத்தத்தைத் தொடக் கூடாது. இனி விவரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தாங்களாகத் திரும்பி வருபவர்கள் மட்டுமே சேரலாம். நிறையப் பேர் வரவில்லை. ஆய்வு இழுத்துக்கொண்டு போனது. கணேசன் சார் புலம்பாத நாளில்லை. ஆனால் கமிட்டியைக் கலைக்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நீமா இப்போது பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்ப் பழக்குகிறார்.

3. கடைசி வாரம்

இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊர் விட்டு ஊர் போய் எத்திக்ஸ் கற்றுக்கொடுக்கும் முன், அந்த ஊரில் எப்படி ‘மாட்டேன்’ சொல்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறும் வாரம் கணேசன் சார் என் அறைக்கு வந்தார். “ஹாஜிரா, ஆலோசகரா இன்னும் ரெண்டு வருஷம் இருங்களேன். வீட்லேர்ந்தே பண்ணலாம்.”

“பாக்கலாம் சார்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

“சரி, வேற ஆள் தேடுறேன்.”