வெள்ளவத்தையில் விட்டுவந்த ஈமெயில்

சிவக்கொழுந்து யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோரில் இருபத்தாறு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவள். மகன் யோகநாதன் கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு புறப்படுமுன், இருவரும் வாடகைக்கு இருந்த கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் இன்டர்நெட் கடையில் அவளுக்கு ஈமெயில் முகவரி ஒன்று எடுத்துக் கொடுத்தான். வீட்டு இலக்கமில்லை, வீதியில்லை, ஊர்கூட இல்லை. இதுவும் ஒரு முகவரியா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் போன பிறகு, யாழ்ப்பாணத்து ஆட்களை வைத்திருந்தால் பொலிஸில் பதிய வேண்டுமென்ற தொல்லைக்குப் பயந்து வீட்டுக்காரர் அவளை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார். நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் அறை கிடைத்தது. இடம் மாறினால் பழைய முகவரிக்கு வரும் கடிதத்தின் கதி என்ன என்று அவளுக்குத் தெரியாதா? வெள்ளவத்தைக் கடை முதலாளியிடம் முகவரி மாற்ற விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள். மனிசன் சிரித்துக்கொண்டு சட்டைப்பையில் போட்டான். அந்தச் சிரிப்பே அவளுக்குச் சரியாகப் படவில்லை. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அங்கேயே போய்ப் பார்த்தாள்.

புது அறைக்குக் கீழேயும் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. அதை நடத்திய நஸீறா முதல் நாளே சொன்னாள்: "இங்கயும் தொறக்கலாம் ஆன்ட்டி. பேரும் பாஸ்வேர்டும் போதும்."

"அது வெள்ளவத்தையிலை போட்டது பிள்ளை. அங்கைதான் வரும்."

வெள்ளவத்தைக் கடிதம் இங்கே திறபடுமென்றால், கொழும்பு முழுக்க அதை வாசிக்கிறதென்றல்லவா அர்த்தம்? பாஸ்வேர்டைக் கறக்கப் பார்க்கிறாள், கெட்டிக்காரி. யாருக்கு உளவு பார்க்கிறாளோ!

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. சந்திக்குச் சந்தி செக்கிங். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களென்று, யாழ்ப்பாண அடையாள அட்டையோடு பஸ் ஏற அவளுக்குத் துணிவு வரவில்லை. இரண்டு சனிக்கிழமை வீணாய்ப் போயின. மூன்றாம் கிழமை மனம் கேளாமல் கீழே இறங்கினாள். நஸீறாவைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திறந்துகொண்டது.

இரண்டு கடிதங்கள், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். முதலாவது பதினாறு நாளுக்கு முந்தியது. "அம்மா, வாற வெள்ளி கோல் எடுப்பன். புது இடத்து நம்பரை உடனை அனுப்புங்கோ."

அடுத்தது அந்த வெள்ளிக்குப் பிறகு வந்திருந்தது. "நம்பர் வரேல்லை. பாத்துக்கொண்டே இருந்தனான். இண்டைக்கு இரவு கப்பல்லை ஏத்தப்போகினம். இனிப் போன் இல்லை. என்னிலை கோவமோ அம்மா?"

பதினாறு நாளும் இந்தக் கடிதம் தன் காலடியில் கிடந்திருக்கிறது. தன்னை நினைக்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"பிள்ளை, இப்ப எழுதினால் அவனுக்குப் போகுமோ?"

"போகும் ஆன்ட்டி. அவர் எங்க தொறந்தாலும் பார்க்கலாம்."

"கப்பல்லை?"

நஸீறா கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். சிவக்கொழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, கோபமில்லை என்று ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள்.