கேசட்டில் கேட்ட அடி

சவுதியில், யான்புவில் எங்கள் கேம்ப் ரூமில் இங்கிலீஷ் பாட்டு கேட்பவன் நான் ஒருத்தன்தான். வேலை முடித்து ஊர் போன வெள்ளைக்கார சேஃப்டி ஆபீசர் கையில் திணித்துவிட்டுப் போன கேசட் அது. எழுபதுகளில் லண்டனையே கலக்கிய கோஷ்டியாம். கிழிந்த சட்டையில் ஊக்கைக் குத்திக்கொண்டு, அட்டையிலேயே நம்மை முறைப்பார்கள். அவர்களுடைய ஹிட் பாட்டு மொத்தமும் அதில் இருந்தது. எதுவும் மூன்று நிமிஷம் தாண்டாது. ஒருத்தன் டிரம்மைப் போட்டு உடைப்பான், ஒருத்தன் கிடாரைப் பிறாண்டுவான், பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான், பின்னால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியாது. கோபம் புரிந்தது. ஃபோர்மேனைத் திருப்பி அடிக்க முடியாத எனக்கு அது போதும்.

அந்த ஃபோர்மேனுக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். அதிகம் வாங்கியவர் என் பக்கத்துக் கட்டில் வெல்டர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஒருநாள் பைப்பாலேயே தோளில் போட்டான். இவர் "அச்சா பாய்" என்று குனிந்துகொண்டார். ரூமுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சும்மா இரு தம்பி. இங்க நான் ராசா மாதிரி இருக்கேன்னு எம்மக ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. வேலை போச்சுன்னா அது மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

அந்த மகளின் குரல்தான் அவருக்கு உயிர். போன் பேசக் கட்டுப்படியாகாத எங்களைப் போன்றவர்கள் கேசட்டில் பேசி, லீவில் போகிறவரிடம் கொடுத்துவிடுவோம். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவது வழக்கம். இவருக்கு மகளின் குரலை அழிக்க மனசு வரவில்லை. என் கேசட்டை எடுத்திருக்கிறார். பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பு ஓட்டைகளில் செல்லோடேப் ஒட்டினால் அதிலும் பதியலாம். ஒட்டி, பேசி, அனுப்பியும் விட்டார்.

ட்யூட்டி முடிந்து வந்து தேடினேன்.

"அதுவா தம்பி? வெறும் கூச்சல்தானே. வேற வாங்கித் தாரேன்."

வந்ததே எனக்குக் கோபம்! அண்ணனாவது ஒண்ணாவது. மூஞ்சியில் விட்டேன் ஒன்று. உதடு கிழிந்து பனியனெல்லாம் ரத்தம். யார் அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மனுஷன், என்னை மட்டும் திருப்பி அடித்தார். கட்டில் கம்பியில் மோதி என் புருவம் பிளந்தது. அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

இரண்டு மாசம் கழித்து ஊரிலிருந்து அதே கேசட் திரும்பி வந்தது. ரூமில் இருந்தது என் டேப் ரெக்கார்டர் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் என்னிடம் நீட்டினார். மறுபக்கத்தில் அவர் மனைவி பேசியிருந்தார். அங்கேயும் என் பாட்டு போச்சு.

"நல்லா இருக்கேன்னு நீங்க பேசி முடிச்சதும் ஒரே அடிதடிச் சத்தம். ஒருத்தன் கத்துறான், எல்லாருஞ் சேந்து கத்துறாக. உங்கள அங்க அடிக்கிறாகளா? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் பேச்சு முடிந்த இடத்தில் என் கோஷ்டி மிச்சமிருந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் பிள்ளை அலறியது.

"டேய், எங்கப்பாவ அடிக்காதீங்கடா! அப்பா, நீயும் அடிப்பா!"

சிரிப்பு எங்கே போனதோ. அவர் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டு, திருப்பிச் சுற்றிப் போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார்.

மறுநாள் சைட்டில் ஃபோர்மேன் "ஜல்தி" என்று பைப்பை ஓங்கினான். இவர் அதைப் பிடுங்கி, அவன் தோளிலேயே போட்டார் ஒரு போடு. அவன் சுருண்டு விழுந்தான். "கலாஸ், முடிஞ்சுது" என்று பைப்பைக் கீழே எறிந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. பெட்டி கட்டும்போது கேசட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கொண்டுபோங்கண்ணே. வேலை போச்சேன்னு பிள்ள கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நானும் அடிச்சேன்னு சொல்லுவேன்" என்றார்.