மூன்றாவது பெயர் வசந்தா

வசந்தா அக்கா இறந்துவிட்டார். காலையில் பழைய ஆபீஸ் குரூப்பில் மெசேஜ்.

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்று போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன்... ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு கறவை மாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு லைப்ரரி வேலை. அக்கா அங்கே பால் லேபில் டெக்னீஷியன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கொழுப்பு டெஸ்ட்டுக்கு ஊற்றும் ஆசிட் தெறித்து ஓட்டை விழாத புடவையே அவரிடம் கிடையாது.

ஒருமுறை பாலில் கொழுப்பு திடீரென்று இறங்கிவிட்டது. "ஒழுங்கா டெஸ்ட் பண்ணும்மா, ரீடிங் தப்பு" என்று சயின்டிஸ்ட் சார் கத்தினார்.

அக்கா இன்னும் இரண்டு தடவை டெஸ்ட் செய்தார். அதே ரீடிங். நேரே கொட்டகைக்குப் போய், தீவனத் தொட்டியிலிருந்து ஒரு பிடி வைக்கோல் அள்ளி வந்தார். புதிதாக வந்த மெஷின் அதைத் தூளாக நறுக்கியிருந்தது.

"மாடு அசை போட வேணாமா சார்? இப்டி பவுடர் பண்ணிப் போட்டா கொழுப்பு எங்கிருந்து வரும்?"

நீளமாக நறுக்கிப் போட்டார்கள். கொழுப்பு ஏறியது. சார் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். முதல் பெயர் சார், மூன்றாவது அக்கா. அதற்கே அக்கா லேப் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

பிறகு ஒரு பிரமோஷன் வந்தது. அக்காவும் கேட்டிருந்தார். யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கமிட்டி கேட்டது. எண்ணித் தர வேண்டியவன் நான்.

எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போட்ட, தலையணை கனத்தில் இன்டெக்ஸ் புத்தகங்கள். அதில் கட்டுரையின் முதல் பெயரை வைத்துத்தான் தேட முடியும். நான் அக்கா பெயரில் தேடினேன். ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா லைப்ரரிக்கே வந்தார். "அதுல என் பேரும் இருக்கேப்பா. சார் பேர்ல தேடி எனக்கும் சேத்து எழுதக் கூடாதா?"

"மெத்தட் அப்படித்தான்க்கா."

பெரிய மெத்தட்! ஒவ்வொருவருக்கும் அப்படித் தேட எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி நீ குடுக்க மாட்டேங்கிறியே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிரமோஷன் வேறொருவருக்குப் போனது.

அடுத்த வாரம் மனசு கேட்காமல் சார் பெயரில் தேடிப் பார்த்தேன். எந்தெந்த ஊர்க்காரர்களோ அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்கள்... பிரமோஷன் கிடைத்தவருக்கு இருந்ததைவிட அதிகம்.

வெளியே சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா ரிடையர் ஆகும்வரை அதே போஸ்ட். கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் "சாப்டியாப்பா?" என்பார். எனக்கு இட்லி இறங்காது.

அக்கா... உங்கள் பெயருக்கு நேரே நான் எழுதியது தப்பு என்று எனக்கு அடுத்த வாரமே தெரியும். உங்களுக்குத்தான் கடைசிவரை தெரியாது.

போய் வாருங்கள் அக்கா.