இரண்டு அடுப்பு வண்டி

வீட்டு வளவின் நடுவே, முற்றத்துத் தரையில், சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு நீளக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். சின்னது பெட்ரோல் வண்டி, பெரியது டீசல் வண்டி. அவற்றை மிதிக்காமல் வீட்டில் எல்லாரும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஓரத்தில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஆச்சி, அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் அந்த வீட்டுக்கு நான் டிரைவர். ஆச்சி எங்கள் முதலாளியின் மனைவி. படியில் விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு அவர்களால் உட்கார முடியவில்லை. ரயிலில் ஏற்றி இறக்கவும் வழியில்லை. காசிக்குப் போய்விட்டு வந்தால் போதும் என்பதைத் தவிர ஆச்சி எதுவும் கேட்டதில்லை. வெளியில் சமைத்ததைச் சாப்பிடவும் மாட்டார்கள். படுத்தபடியே போக ஒரு வண்டி, அதற்குள்ளேயே சமையல் என்று முதலாளி முடிவு செய்தார். எந்த வண்டி என்பதுதான் முடிவாகவில்லை.

மதுரையில் ஒரு பட்டறையில் பழைய பெட்ரோல் லாரி ஒன்று நின்றது. நானும் முதலாளியும் போய் ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத அளவுக்குச் சத்தமில்லை. ஸ்பிரிங் பட்டைகளும் மெத்தென்று இருந்தன. ஆனால் அடிச்சட்டமான சேசிஸ் குட்டை, பாரம் தாங்காது. புது டீசல் சேசிஸ் நீளமானது, எதை ஏற்றினாலும் இழுக்கும். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நீ என்னப்பா சொல்லுறே?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"ஆச்சி படுத்துக்கிட்டு வர்றதுக்கு இந்தப் பெட்ரோல் வண்டிதான் நல்லதுங்க முதலாளி. சாமானைக் கொறைச்சுக்கிட்டா போதும்" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சாமான் குறையவில்லை. ஆச்சிக்குத் துணையாக முதலாளியின் தம்பி மனைவியும் வருவதாக இருந்தது. அவர்களைச் சின்ன ஆச்சி என்போம். அங்கே ஒரே வீடுதான் என்றாலும் கல்யாணமான கையோடு ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மனத்தாங்கல் எதுவும் கிடையாது, அது முறை. அதனால் வண்டிக்குள்ளும் இரண்டு அடுப்பு, இரண்டு அம்மி, இரண்டு தண்ணீர் டிரம், இரண்டு தேக்கு அலமாரி. வேறு மாதிரி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாடி கட்டும் மேஸ்திரி அளவெடுக்க வந்து தலையைச் சொறிந்தார்.

"காசிக்குப் போறீகளா, வீட்டையே பேத்துக்கிட்டுக் குடி போறீகளா?"

"அம்மியில ஒண்ணை நீரே தலையில தூக்கிக்கிட்டு வாரும், பாரம் கொறையும்" என்றார் முதலாளியின் தம்பி. ஆச்சிகூடச் சிரித்தார்கள்.

மேஸ்திரி சாமான்களை ஒவ்வொன்றாக அந்தக் கட்டங்களுக்குள் வரைந்து காட்டினார். சின்னக் கட்டத்தில் ஆச்சியின் கட்டிலுக்கு இடமில்லாமல் போயிற்று. டீசலுக்கே பதிவு செய்தோம்.

சேசிஸ் வருவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. வெறும் சேசிஸில் சீட்டு கிடையாது; சென்னையிலிருந்து ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, வெயிலிலும் புழுதியிலும் அதை நான்தான் ஓட்டி வந்தேன். பாடி கட்டி முடிக்க இன்னும் பல மாதம். அதற்குள் ஆச்சி பாதியாக இளைத்திருந்தார்கள். நாட்டரசன்கோட்டையிலிருந்தும் கண்டரமாணிக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து வண்டியைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள்.

வெள்ளோட்டமாகக் காளையார்கோவிலுக்குக் கிளம்பினோம். முதலாளி என் பக்கத்தில் இருந்தார். பின்னால் ஆச்சியின் தோளைச் சின்ன ஆச்சி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினேன். ஆனாலும் இன்ஜினின் உதறல் பலகை பலகையாகப் பரவிக் கட்டில் வரை போனது. கல்லல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், "நிப்பாட்டுங்க, அக்காவுக்கு முடியலை" என்றார்கள் சின்ன ஆச்சி. திரும்பிப் பார்த்தேன். ஆச்சி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். உச்சி வேளை. ஆச்சியின் சமையல்காரர் அன்று வரவில்லை. சின்ன ஆச்சி தன் அடுப்பை மூட்டி உலை வைத்தார்கள்.

"எனக்கும் சேத்து அரிசி போடு ஆத்தா" என்றார்கள் ஆச்சி.

சின்ன ஆச்சியின் கை சற்று நின்றது. பிறகு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்கள்.

ரசம் சோற்றை ஆச்சி நிதானமாகச் சாப்பிட்டார்கள். "உன் கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருசம் பக்கத்துப் பக்கத்துல இருந்தும் எனக்குத் தெரியலை" என்றார்கள். கொஞ்ச நேரம் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, அந்த மதுரை வண்டி இன்னும் அங்குட்டுத்தான் நிக்குதா?"

"போன வருசமே வித்துட்டாக ஆச்சி."

"ஒரு அடுப்புன்னா அதுலயே போயிருக்கலாம்."

குறை சொல்கிற குரல் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த முதலாளி இறங்கிப் போய்க் கண்மாயைப் பார்த்து நின்றார்.

ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளைக் கழற்றினால் உதறல் குறையுமா என்று பிறகு பார்த்தோம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். ஆச்சி மறுபடி ஏறவில்லை, காசிப் பேச்சையும் எடுக்கவில்லை. வீட்டில் அடுப்புகள் பழையபடி தனித்தனியாகவே எரிந்தன. அடுத்த தை பிறப்பதற்குள் ஆச்சி போய்விட்டார்கள்.

வண்டி சில வருஷம் கொட்டகையில் நின்றது. பிறகு ஒரு செங்கல் சூளைக்காரர் வாங்கி, தேக்குப் பாடியைக் கழற்றிவிட்டு லாரியாக்கினார். ஓட்டுவதற்கு என்னையும் கூப்பிட்டார், போனேன். எழுபதுகளும் முடியப் போகின்றன. எனக்கு முதுகு வலி வந்துவிட்டது. வண்டிக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு செங்கல் ஏற்றினாலும் முனகாமல் மேடு ஏறுகிறது.