கும்பிட மட்டும் ஒரு லேத்

தொழிற்பயிற்சிப் பள்ளி சூப்பரின்டெண்டென்ட் அவர்களே, நீங்கள் பிள்ளைகளுக்கு லேத் ஓட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை. லேத்தைக் கும்பிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

எடுத்த எடுப்பிலேயே கோபமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆமாம், கோபம்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா என்று பாருங்கள்.

போன வாரம் அடைக்கலம் என் வீட்டுக்கு வந்தான். அன்னவாசல் பக்கத்துக் கிராமத்துப் பையன். அவன் அப்பா மானாவாரியில் கடலை போடுகிறவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். பையன் புதுக்கோட்டையில் அந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளியில்தான் டர்னர் படிப்பு முடித்தவன். இரும்பை லேத்தில் சுழலவிட்டுக் கடைந்து, கேட்ட அளவுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை அது. நல்ல வேலை.

நொண்டிக்கொண்டே வந்தான். வலது பாதம் முழுக்க நீல மை. சூடு பட்டால் நம் ஊர் முதல் வைத்தியம் அதுதானே?

"என்னடா இது?" என்றேன்.

"லேத்துங்கய்யா" என்றான்.

திருச்சியில் ஒரு ஃபாக்டரியிலிருந்து அவனை டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் வாய்க் கேள்வி. இப்போது ஆட்டோமேடிக் லேத் என்று வந்திருக்கிறது. எந்த வேலை முதலில், எது அடுத்தது, எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துக்கொடுத்துவிட்டால், ஆள் கை வைக்காமல் அதுவே வரிசையாகச் செய்துகொண்டு போகும். அதை அமைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அடைக்கலம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருக்கிறான். ஃபோர்மேனுக்கே ஆச்சரியம். சரி தம்பி, வந்து செய்து காட்டு என்று மிஷினிடம் கூட்டிப் போயிருக்கிறார்.

இங்கேதான் வினை.

பையன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். ஃபோர்மேன் மிஷினைப் பார்த்தாரே தவிர இவன் காலைப் பார்க்கவில்லை. இவன் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மிஷினை ஓட விட்டான். கடைகிற இரும்பிலிருந்து சுருள் சுருளாக விழுமே... அது எவ்வளவு சூடு என்று இவனுக்குத் தெரியவில்லை. ஒரு சுருள் நேராகப் பாதத்தில் விழுந்தது. துள்ளிய துள்ளலில் கை எதிலோ பட்டு, வெட்டுகிற உளி போய் மோதி உடைந்தது.

அந்த ஃபோர்மேன் நல்ல மனிதர். திட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, அவரே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அப்புறம் சொன்னாராம்: "வாய் பாஸ் தம்பி. கை ஃபெயில். அடுத்த மாசக் கடைசியில இன்னொரு தடவை வா. அதுக்குள்ள எங்கிட்டாவது ஒரு மிஷினை ஓட்டிப் பழகிட்டு வா. இல்லேன்னா அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க."

ஊருக்குத் திரும்பினால் டீக்கடையில் கேலி. "என்னப்பா, மிஷின் கடிச்சிருச்சாமே?" இவன் ஆத்தா பாவம், மகனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தாயிற்று என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறது. இப்போது வெளியே தலைகாட்டவில்லையாம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பள்ளியில் ஆட்டோமேடிக் லேத் இருக்கிறதே, அதில் எத்தனை தடவை வேலை செய்தாய் என்று கேட்டேன்.

"ஓட்டுனதில்லைங்கய்யா. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சூடம் காட்டுவோம்."

கேட்டீர்களா?

மிஷினுக்குத் தனி அறை. அறைக்குப் பூட்டு. மிஷினுக்கு மேலே துணி, துணிக்கு மேலே சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை திறப்பார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டியது. பாடம் எல்லாம் கரும்பலகையில். சாக்பீஸால் லேத் வரைந்து, சாக்பீஸாலேயே இரும்பைக் கடைந்திருக்கிறார்கள்! பழைய லேத் ஒன்று உண்டு. அதற்கு பெல்ட் இருக்கிற நாளில் கரண்ட் இருக்காது.

நான் பூஜைக்கு விரோதி அல்ல. ஆயுத பூஜைக்கு என் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறவன்தான். ஆனால் மறுநாள் எடுத்து ஓட்டத்தானே பொட்டு வைக்கிறோம்? அந்தப் பள்ளியில் மறுநாள் வரவே இல்லை.

அடைக்கலம் வந்த மறுநாள் காலை அவனைக் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனேன். டர்னர் வாத்தியாரைப் பார்த்ததும் சத்தம் போட்டேன். அவர் என்னை வராந்தா ஓரமாகக் கூட்டிப் போனார். அவரும் அந்த மிஷினை ஓட்டியதில்லையாம். இறக்கி மாட்டிக்கொடுத்த கம்பெனி ஆள் ஒரு சாமான் கடைந்து காட்டிவிட்டு ரயிலேறிவிட்டார். அத்தோடு சரி.

"மிஷின் போச்சுன்னா என் வேலை போயிரும் சார். பையன் ஃபெயிலானா யாரும் என்னையக் கேக்கப்போறதில்ல" என்றார்.

என் சத்தம் அடங்கிவிட்டது. அந்த மனுஷனை என்ன சொல்வது? நம் ஊரில் விலை கூடின சாமானுக்கெல்லாம் இதே கதிதான். புது எவர்சில்வர் குடம் பரணில். பஞ்சாயத்து ரேடியோ பூட்டின பெட்டியில். பள்ளிக்கூடத்து உலக உருண்டை பீரோவுக்குள். சாமான் பத்திரமாக இருக்கிறது. அது யாருக்காக வந்ததோ, அவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

பிறகு சூப்பரின்டெண்டென்ட் அறைக்குப் போனோம். அவரும் கெட்டவர் இல்லை. காபி வரவழைத்தார். பையன் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அறையைத் திறந்துவிடுங்கள், ஃபாக்டரியிலிருந்து மிஷின் தெரிந்த ஆளை நான் கூட்டி வருகிறேன், வாத்தியாரும் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்றேன். படிப்பை முடித்துவிட்டுப் போன பையனை எப்படி உள்ளே விடுவது, ஏதாவது உடைந்தால் மாற்றுச் சாமான் கப்பலில் வர வேண்டுமே, மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். பதில் எப்போது வரும் என்றேன். வரும்போது வரும் என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அடைக்கலம் எழவில்லை. அவன் கேட்டான்:

"அய்யா, எனக்காக வேணாம். இப்ப படிக்கிறவங்களுக்காச்சும் தெறந்து விடுங்க. அவங்க ஓட்டட்டும். நான் பின்னால நின்னு பாத்துக்கிறேன்."

சூப்பரின்டெண்டென்ட் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில் எனக்கு வேண்டும். எனக்கு மட்டும் இல்லை, மகனை அங்கே சேர்த்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும். சூப்பரின்டெண்டென்ட் அவர்களே, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். காபியும் வேண்டாம். அடுத்த மாசக் கடைசிக்குள், இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள் - அந்த மிஷின் எந்தத் தேதியிலிருந்து ஓடும்? முதலில் ஓட்டப்போகிற பையன் யார்?